டிஸ்பயோசிஸ்: சமநிலையின்மையா, சீர்குலைவா?

டிஸ்பயோசிஸ் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. உடலின் ஓரிடத்தில், பெரும்பாலும் பெருங்குடலில், குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் கலவையும் செயலும் உடலுக்குக் கேடாக மாறியிருக்கும் நிலையைச் சொல்லும் சொல் அது. எச்.ஐ.வி.யுடன் வாழும் இளையோருக்கு வரும் சர்க்கரை, கொழுப்பு, எடைச் சிக்கல்களைப் பற்றிய கட்டுரைகளில் இச்சொல் அடிக்கடி தென்படுகிறது. பல இடங்களில் அதை நோய்ப் பெயர் போலவே கையாள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சொல் கிரேக்கம். 'டிஸ்' என்றால் கெட்ட, இடர்ப்பட்ட. 'பயோசிஸ்' என்றால் வாழ்முறை. கூடி வாழ்தலைக் குறிக்கும் சிம்பயோசிஸ் இதன் உடன்பிறப்பு. தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு: டிஸ்சார்ஜ், டிஸ்கவுண்ட் ஆகியவற்றில் வருவதும் 'டிஸ்'தான். ஆனால் அது 'விலக்கி, பிரித்து' எனப் பொருள்படும் லத்தீன் முன்னொட்டு. இது வேறு. துர்நாற்றம், துர்க்குணம் என்பவற்றில் வரும் வடமொழித் 'துர்' இந்தக் கிரேக்க 'டிஸ்'ஸுக்கு இனமானது. 'பயோ'வும் 'ஜீவ'னும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. டிஸ்லிபிடீமியா (இரத்தக் கொழுப்பின் குலைவு), லிப்போடிஸ்ட்ரோபி (உடற்கொழுப்பு படியும் முறையின் குலைவு) என்று இதே மருத்துவத் துறையில் புழங்கும் மற்ற பெயர்களிலும் இருப்பது இந்தக் கெட்ட 'டிஸ்'தான்.

தமிழில் 'நுண்ணுயிர்ச் சமநிலையின்மை' என்று எழுதுவோர் பலர். புரியும், ஆனால் பொருத்தம் குறைவு. சமநிலை என்றதும் எல்லோருக்கும் பொதுவான ஒரு சரியான கலவை இருப்பதாக ஆகிவிடுகிறது. அப்படி ஒன்று இல்லை. உணவு, வயது, மருந்து, வாழ்முறை ஆகியவற்றால் நலமான இருவரின் குடல் நுண்ணுயிர்களே பெரிதும் வேறுபடும். 'நுண்ணுயிர்ச் சீர்குலைவு' என்பதே நம் பரிந்துரை. குலைவு என்பது ஒரு போக்கைச் சொல்லும். அளவுகோல் இருப்பதாகப் பாவனை செய்யாது. டிஸ்லிபிடீமியாவை 'இரத்தக் கொழுப்புச் சீர்குலைவு' என்றால் இரண்டுக்கும் உள்ள சொல்லுறவும் தெரியும். பழைய 'குடல் ஃப்ளோரா'வை விட்டுவிடலாம். பாக்டீரியாவைத் தாவரக் கணக்கில் வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது.

எச்.ஐ.வி.யில் இந்தக் குலைவு எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடல்சுவரை ஒட்டிய நிணத்திசுவில் இருக்கிறது. தொற்றிய சில வாரங்களிலேயே வைரஸ் அங்குள்ள, சி.டி.4 என்னும், நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களைப் பெருமளவில் அழிக்கிறது. இரத்தத்தில் எண்ணிக்கை குறைவது அதற்குப் பின்னால் மெதுவாக நடக்கும். அழிபவற்றில் டி.எச்.17 என்னும் வகையும் அடக்கம். இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-22 ஆகிய சைகைப் புரதங்களைச் சுரந்து குடல்சுவரின் அணுக்களைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பவை இவைதான். இவை குறைந்தால் அணுக்களுக்கு இடையிலான இணைப்பு தளர்கிறது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான லிப்போபாலிசாக்கரைடு கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. இதை 'நுண்ணுயிர்க் கசிவு' எனலாம். 'நுண்ணுயிர் இடப்பெயர்ச்சி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாரோ வீடு மாறியது போல் இருக்கிறது.

கூடவே, நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தைத் தரும் ஃபீக்காலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்ற பாக்டீரியாக்கள் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பெருங்குடல் சுவரின் அணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. எனவே தளர்ந்த சுவருக்குத் தீனியும் குறைகிறது. ஒரு எச்சரிக்கை: பிரிவோட்டெல்லா என்னும் குடல் பாக்டீரியாவின் மிகுதியை எச்.ஐ.வி.யின் அடையாளமாகத் தொடக்க ஆய்வுகள் கண்டன. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது மிகுந்திருப்பது பின்னர் தெரியவந்தது. ஒப்பிடும் குழுவைச் சரியாகத் தேர்ந்தெடுக்காத ஆய்வுகளை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

கசிவுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? லிப்போபாலிசாக்கரைடு நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகிறது. அவை வெளிவிடும் டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்கள் தசை, கொழுப்பு, கல்லீரல் அணுக்களில் இன்சுலின் தரும் செய்தியை மழுங்கடிக்கின்றன. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து வைரஸை அடக்கிய பிறகும் குடல்சுவர் முழுமையாகத் தேறாததால், தாழ்ந்த அளவில் அழற்சி நீடிக்கிறது. பிறப்பிலேயே தொற்று பெற்றவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை: குடல் நுண்ணுயிர்கள் முதல் மூன்று ஆண்டுகளில் உருப்பெறும்போதே வைரஸும் உடன் இருக்கிறது. இருபது வயதில் அவர்கள் சுமப்பது இருபது ஆண்டு அழற்சி.

இத்தகைய சர்க்கரை, கொழுப்பு, எடைச் சிக்கல்களைக் குறிக்கும் 'மெட்டபாலிக்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'வளர்சிதை மாற்ற' என்ற அடை நிலைத்துவிட்டது. வளர்மாற்றம், சிதைமாற்றம் இரண்டையும் ஒரே தொகையில் அடக்கிய நல்ல ஆக்கம். இலங்கைப் பாடநூல்களின் 'அனுசேபம்' குறுகியது. ஆனால் பொருள் வெளிப்படாது.

சிக்கல் எல்லாவற்றையும் குடலின் தலையில் கட்டுவதும் தவறு. ஸ்டாவுடின், சிடோவுடின் போன்ற பழைய எச்.ஐ.வி. மருந்துகள் அணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவைச் சிதைத்து முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பைக் கரைத்தன. ஸ்டாவுடினைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கூறியது. ரிட்டோனவிர் சேர்ந்த, புரோட்டியேஸ் தடுப்பிகள் என்னும் எச்.ஐ.வி. மருந்துகள் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பை ஏற்றும், வயிற்றுப்போக்கும் தரும். இன்று முதல்நிலை மருந்தான டோலுடெகிராவிரில் எடை கூடுவது பலருக்கு உண்டு. அதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, குடல்சுவர்தான் முதலில் அடிவாங்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது மலத்தின் நுண்ணுயிர்ப் பட்டியலை அல்ல. வெறும்வயிற்று இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல், டிரைகிளிசரைடு 150-க்கு மேல், இரத்த அழுத்தம் 130/85-க்கு மேல், பெருகும் இடுப்புச் சுற்றளவு: இவைதான் செயலுக்கு உதவும் எண்கள். கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனை மட்டும் போதாது, சிடோவுடின், அபாகவிர் எடுப்போரிடம் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். இன்சுலின் எதிர்ப்பைக் கணக்கிட ஹோமா என்ற சூத்திரம் உண்டு: வெறும்வயிற்றுச் சர்க்கரையை (டெசிலிட்டருக்கு மி.கி.) வெறும்வயிற்று இன்சுலின் அளவால் (மில்லிலிட்டருக்கு மைக்ரோயூனிட்) பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை 95, இன்சுலின் 15 என்றால் விடை 3.5. பருவமடையும் வயதில் இயல்பாகவே இது உயரும் என்பதால், பெரியவர்களுக்கான வரம்பைப் பதினான்கு வயதினருக்குப் பொருத்திப் பயமுறுத்தக்கூடாது.

மருந்துகளுக்கிடையே இரண்டு கவனங்கள். டோலுடெகிராவிர் உடலில் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மருந்தின் அளவை ஏற்றும். இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் பொதுவாக நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டாமல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். வயிற்றெரிச்சலுக்கான அலுமினிய, மக்னீசிய மருந்துகள் டோலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். அவற்றை எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை எடுக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி. உணவோடு என்றால் இந்த மாத்திரைகளை மட்டும் டோலுடெகிராவிருடன் சேர்த்தே எடுக்கலாம்.

புரோபயாட்டிக்: நலத்துக்காக உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்கள்; 'நலநுண்ணுயிர்' என்று சொல்லலாம். அழற்சிக் குறியீடுகள் சற்றுக் குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் சொன்னாலும், இன்சுலின் எதிர்ப்பைச் சரிசெய்யும் என்று சொல்லச் சான்று போதாது. சி.டி.4 மிகவும் குறைந்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. லாக்டோபேசில்லஸும் சாக்கரோமைசஸ் ஈஸ்ட்டும் இரத்தத்தில் புகுந்து தொற்றிய நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன.