படலையில் நின்ற மோட்டார் சைக்கிள்: காசநோய், தொழுநோய் வந்தால் அரசு என்ன செய்யும்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு நாள் காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து நின்றது. பத்து நிமிடம்தான் நின்றிருக்கும். அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பொழுதுபடுவதற்குள் அந்த வீட்டு மாமிக்கு ஏதோ தொற்று வருத்தமாம் என்ற கதை சந்தை வரை போய்விட்டது. மாமிக்கு இருந்தது காசநோய். ஆறு மாத மருந்தை முடித்துவிட்டு இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் இருமலைவிட அந்த மோட்டார் சைக்கிள்தான் தன்னை அதிகம் வாட்டியது என்று இன்றும் சொல்கிறார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாதக்கணக்கில் இருமலைப் பாணி மருந்தால் அடக்கிக்கொண்டு திரிகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், பயம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த மோட்டார் சைக்கிள் ஏன் வருகிறது? காசநோயும் தொழுநோயும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இவற்றைக் கண்டறியும் வைத்தியர் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அரச வைத்தியசாலையில் காட்டினாலும் தனியார் டொக்டரிடம் காட்டினாலும் விதி ஒன்றுதான். தகவல் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பரிசோதகர் வீட்டுக்கு வருவார்.

வந்து அவர் கேட்பது மூன்று நான்கு விடயங்கள்தான். முகவரி சரியா, மருந்து தொடங்கியாயிற்றா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது இருமுகிறார்களா. கொவிட் காலத்தில் வீட்டுச் சுவரில் அறிவித்தல் ஒட்டியதையும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள் இதையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். இங்கே வீட்டைப் பூட்டுவதில்லை, எதையும் ஒட்டுவதில்லை. பெரும்பாலான நோயாளிகள் வைத்தியசாலையில் தங்கக்கூட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தாரிடம் நோயின் பெயரைச் சொல்வது பரிசோதகரின் வேலையும் அல்ல. மோட்டார் சைக்கிளைக் கண்டு கதை கட்டுவது நாம்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் மெலிவு, சளியில் இரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை கேட்கலாம். பக்கத்து அரச வைத்தியசாலையில் காட்டினால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு வழி சொல்வார்கள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் இலவசம். சளி எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் குப்பி ஒன்று தருவார்கள். வெட்கப்பட்டு அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து காறி வருவதுதான் வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் அதுவே நல்ல மாதிரி. திறந்த வெளியில் நின்று எடுப்பது வீட்டாருக்கு நல்லது.

மருந்து ஏன் ஆறு மாதம்? கிருமி மிக மெதுவாகப் பெருகுவது ஒரு முக்கிய காரணம். வயிற்றோட்டக் கிருமிகள் சில இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்குப் பதினைந்து இருபது மணிநேரம் தேவை. மைக்கோபாக்டீரியா என்ற இந்தக் குடும்பத்தின் உடலைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த உறை இருக்கிறது. சாதாரண மருந்துகள் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. சில கிருமிகள் உறங்குவது போலக் கிடந்து மருந்திலிருந்து தப்பியும்விடும். ஆகவேதான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது. மூன்றாவது வாரத்திலேயே இருமல் குறைந்து பசி எடுக்கும். ஆபத்தான கட்டம் அதுதான். சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும். பிறகு வெலிசறையிலுள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலை வரை போய், கடுமையான வேறு மருந்துகளை எடுக்க நேரிடலாம். சுகாதார ஊழியர் ஒருவரின் கண்முன்னே மாத்திரையை விழுங்கச் சொல்வது இதற்காகத்தான், நம்பிக்கையில்லாமல் அல்ல. தினமும் மார்பு கிளினிக்குக்குப் போக முடியாதவர் பக்கத்து வைத்தியசாலையில் ஏற்பாடு செய்து தரும்படி கேட்கலாம்.

மருந்து தொடங்கிய முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். மாமி இரத்தம் போகிறது என்று அலறிவிட்டார். றிபாம்பிசின் என்ற மாத்திரையின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

நோயாளியின் வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், அதற்கு நோய் இல்லை என்று உறுதிசெய்த பின் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதுவும் இலவசம். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு ஆறு மாதமாகியும் கையில் தெரியாவிட்டால் மீண்டும் போடலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. குடும்ப நல உத்தியோகத்தரிடம் ஒருமுறை பிள்ளையின் கையைக் காட்டுங்கள்.

தொழுநோய் இதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. மட்டக்களப்பு ஆட்களுக்கு அதைச் சொன்னதும் மாந்தீவுதான் நினைவுக்கு வரும். வாவியின் நடுவே, தோணியில் போக வேண்டிய தீவில், 1920களிலிருந்து தொழுநோய் வைத்தியசாலை. ஒருவரை அங்கே கொண்டுபோய்விட்டால் வீட்டார் அவரை இறந்தவராகவே எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. ஆனால் இலங்கையில் 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பின் நிலைமை வேறு. இன்று ஆண்டுதோறும் நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். கிழக்கு மாகாணத்தில் இது முடிந்துபோன கதை அல்ல. இந்த நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை எடுக்கிறார்கள். மருந்து தொடங்கியதும் மற்றவருக்குப் பரப்பும் ஆற்றல் விரைவில் போய்விடும்.

இந்தக் கிருமி இன்னும் சோம்பேறி. ஒன்று இரண்டாகப் பெருகுவதற்கே இரண்டு வாரம் வரை எடுக்கும். தொற்றி ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டு கழித்துத்தான் தோலில் தெரியும். தேமல் என்று விட்டுவிடும் வெளிறிய அல்லது செம்மை படர்ந்த திட்டைக் கவனியுங்கள். படை என்றால் சொறியத் தோன்றும். இது சொறியாது, அந்த இடத்தில் வியர்க்காது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தொட்டதே தெரியாது. அப்படியென்றால் அரச வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் விரல் மடங்கிவிடும், மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது.

வேலை இழந்து சிரமப்படும் காசநோயாளரும் தொழுநோயாளரும் சமூக சேவைத் திணைக்களத்தின் நோய் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிகிச்சை நிலையத்தின் வைத்தியச் சான்றிதழுடன் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். யாரும் வீடு தேடி வந்து இதைச் சொல்லமாட்டார்கள் என்பதால் கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள்.

காத்தான்குடியிலும் கல்முனையிலும் வெளிநாட்டுக் கனவோடு இருக்கும் இளைஞர்கள் இன்னொரு காரணத்துக்காகக் காசநோயை மறைக்கிறார்கள். வளைகுடா விசாவுக்கான வைத்தியப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தாலே நிராகரிக்கக்கூடும். அது உண்மைதான். ஆனால் மறைப்பதால் தழும்பு மறையாது, மருந்தில்லாமல் விட்டால் நோய் நாளாக நாளாகப் பெரிதாகும். சிகிச்சை நடுவில் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர் மருந்தை விடத் தேவையில்லை. போகுமுன் கிளினிக்கில் சொன்னால் உங்கள் பதிவை அங்குள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். சிகிச்சை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.