அமெரிக்காவின் 2009 பழைய கார் ஒப்படைப்புத் திட்டம்: யாருக்கு, எவ்வளவு, எந்த விதியின்படி

2007இல் ஏறத்தாழ 1.6 கோடியாக இருந்த அமெரிக்காவின் ஆண்டு வாகன விற்பனை, நிதி நெருக்கடியால் கடன் கிடைப்பதே அரிதாகிப்போன நிலையில், 2009இல் 1.04 கோடி அளவுக்குச் சரிந்தது. கார் நிறுவனங்களோடு உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகளும் டீலர்களும் சேர்ந்தே தள்ளாடியதால், அரசு இரு வழிகளில் உதவியது. ஒன்று, நிறுவனங்களுக்கு நேரடியாகக் கடனும் முதலீடும் தருவது. மற்றொன்று, கார் வாங்குபவருக்கு விலையில் கழிவு தருவது. 2009 ஜூனில் சட்டமான ‘கார் அலவன்ஸ் ரிபேட் சிஸ்டம்’ இரண்டாவது வகையைச் சேர்ந்தது; பழைய வண்டியை ஒப்படைத்துப் புதிய காருக்குக் கழிவு பெறும் திட்டம் என்பதால், மக்கள் அதை ‘கேஷ் ஃபார் கிளங்கர்ஸ்’ (ஓட்டை வண்டிக்குப் பணம்) என்றே அழைத்தார்கள்.

கழிவு பெற விரும்புபவரின் பழைய வாகனம் தயாரிக்கப்பட்டு 25 ஆண்டுகள் நிறைவடையாததாகவும், ஓடும் நிலையில் உள்ளதாகவும், ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய ஓராண்டு முழுவதும் அவர் பெயரில் பதிவும் இடைவிடாத காப்பீடும் கொண்டதாகவும் இருக்க வேண்டும். எங்கோ துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியைச் சொற்ப விலைக்கு வாங்கிவந்து கழிவு கேட்பதைத் தடுக்க இந்த நிபந்தனை தேவைப்பட்டது. பொதுவாக, பழைய வாகனத்தின் மைலேஜ் காலனுக்கு 18 மைல், அதாவது லிட்டருக்கு சுமார் 7.6 கிலோமீட்டர், அல்லது அதற்குக் குறைவாக இருந்தாக வேண்டும். வாங்கும் கார் புத்தம் புதியதாகவும், நிறுவனம் குறித்த விலை 45,000 டாலரைத் தாண்டாததாகவும், காலனுக்கு 22 மைலாவது தருவதாகவும் இருக்க வேண்டும். பழையதைவிடப் புதிய கார் 4 முதல் 9 மைல் வரை கூடுதலாகத் தந்தால் 3,500 டாலரும், 10 மைலோ அதற்கு மேலோ தந்தால் 4,500 டாலரும் கழிவு கிடைத்தது. பிக்கப் போன்ற வாகனங்களை வாங்கியவர்களுக்கு இந்த அளவுகோல் தளர்த்தப்பட்டிருந்தது. ஐந்தாண்டுக்குக் குறையாத குத்தகைக்கும் கழிவு உண்டு. ஒருவருக்கு ஒரு முறைதான்.

கழிவுத் தொகை வாங்குபவரின் கைக்கு வரவில்லை. டீலரே அதை விலையில் குறைத்துக்கொண்டு, ஆவணங்களைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் அனுப்பிப் பின்னர் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுவனம் வழக்கமாக அளிக்கும் தள்ளுபடியை இந்தக் கழிவைக் காரணம் காட்டி டீலர் மறுக்கக் கூடாது. பழைய வண்டியின் இரும்பு மதிப்பு இவ்வளவு என்பதை அவர் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்; அதில் 50 டாலரைச் செலவுக்காக வைத்துக்கொள்ளலாம். கழிவுத் தொகை, வாங்கியவரின் வருமானமாகக் கூட்டாட்சி வருமான வரிக்குக் கணக்கிடப்படவில்லை.

ஒப்படைத்த வாகனம் மறுபடி சாலைக்கு வரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இன்ஜின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, இன்ஜின் இறுகி நிற்கும்வரை டீலரே ஓட்ட வேண்டும். அதன் பிறகே வண்டி உடைக்கும் இடத்துக்குப் போகும். எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. ஆனாலும், புதிய கார் வாங்க வழியில்லாமல் பழைய காரையே நம்பி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல வண்டிகளும் இப்படி அழிந்தன. கழிவு போக மீதி விலையைச் செலுத்தவோ அதற்குக் கடன் பெறவோ முடியாதவருக்கு இத்திட்டம் எதையும் தரவில்லை என்பதை அதன் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர், ஜூலை இறுதியில் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் தீரும் நிலைக்கு வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேலும் 200 கோடி சேர்க்கப்பட்டு, ஆகஸ்ட் 24ஆம் தேதி திட்டம் முடிவுற்றது. மொத்தம் சுமார் 6.77 லட்சம் வாகனங்கள் மாற்றப்பட்டன. விண்ணப்பங்கள் குவிந்ததால் டீலர்களுக்குச் சேர வேண்டிய பணம் தாமதமானது.

உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் திட்டமாயினும், எந்த நிறுவனத்தின் கார் என்பதை விதி கேட்கவில்லை, மைலேஜை மட்டுமே கேட்டது. அதனால் விற்பனையில் டொயோட்டா ஏறத்தாழ 19 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அடுத்து வந்தன. மிக அதிகமாக ஒப்படைக்கப்பட்டது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், மிக அதிகமாக வாங்கப்பட்டது டொயோட்டா கொரோலா. இதைக் கொண்டு பணம் முழுவதும் வெளிநாட்டுக்குப் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. டொயோட்டாவும் ஹோண்டாவும் கென்டக்கி, ஒஹாயோ போன்ற மாநிலங்களில் அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டே கார் தயாரித்தன. கொரோலாவே அப்போது கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் தயாரானது. எனவே, காக்க விரும்புவது நிறுவனத்தின் பெயரையா, நாட்டுக்குள் இருக்கும் வேலையையா என்பதை இத்தகைய விதியை எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

விற்பனை உயர்வு நீடிக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் எப்படியும் கார் வாங்கவிருந்தவர்களே பெரும்பாலும் முன்கூட்டி வாங்கினார்கள் என்றும், பின்னர் வந்த விற்பனைச் சரிவால் 2010 மார்ச்சுக்குள் அந்த உயர்வு ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போனது என்றும் பொருளியலாளர்கள் ஆதிஃப் மியானும் அமீர் சூஃபியும் கண்டறிந்தார்கள். கையிருப்பில் தேங்கிய கார்களை நகர்த்தி, மிக நெருக்கடியான சில வாரங்களைக் கடக்க உதவியதே இதன் பயன்.

நிறுவனங்களைத் தாங்கிப் பிடித்தது நேரடி உதவிதான். 2008 டிசம்பரில் புஷ் அரசு 1,740 கோடி டாலர் கடனை அறிவித்தது. ஒபாமா காலத்தில் மொத்த உதவி 8,000 கோடியை நெருங்கியது. ஃபோர்டு இதில் சேரவில்லை. திவாலாகக்கூடிய நிறுவனத்தின் காரை வாங்க மக்கள் அஞ்சியதால், ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் கார்களின் வாரண்டிக்கு 2009 மார்ச்சில் அரசே பொறுப்பேற்றது. ஜெனரல் மோட்டார்ஸில் இட்ட 4,950 கோடியில், 2013 டிசம்பரில் கடைசிப் பங்குகளை விற்று முடித்தபோது, சுமார் 3,900 கோடியே அரசுக்குத் திரும்பியிருந்தது. இந்த இழப்பைப் பேசும்போது, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவுக்கான அறக்கட்டளை, தனக்கு வர வேண்டிய ரொக்கத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாக, மீண்டெழுமா என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத நிறுவனத்தின் 17.5 விழுக்காடு பங்கை ஏற்றுக்கொண்டதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.