டிரான்சிட் என்றால் பெயர்ச்சியா?

போன வாரம் வீட்டில் ஒரு அறிவியல் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. "கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி கோள் பெயர்ச்சி முறையில் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடித்தது" என்றது குரல். பூத்தொடுத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, "எந்த ராசிக்குப்பா நல்லதாம்?" என்று கேட்டார்.

அத்தை மேல் தப்பில்லை. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவர். குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடிக்குச் சிறப்புப் பேருந்து, சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றில் நளன் குளத்தில் இறங்க இடமிருக்காது. சுக்கிரனுக்குக் கஞ்சனூர், புதனுக்குத் திருவெண்காடு என்று ஒன்பதுக்கும் கோயில் உள்ள பூமியில் உட்கார்ந்துகொண்டு "கோள் பெயர்ச்சி" என்று சொன்னால் கேட்பவர் வேறு என்னதான் நினைப்பார்?

ஆங்கிலத்தில் "டிரான்சிட்" என்பதைத்தான் காணொளி பெயர்ச்சி ஆக்கியிருந்தது. இந்தக் கூத்து எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஆங்கிலத்தில் ராசிபலன் எழுதுகிறவர்கள் குருப்பெயர்ச்சியை "ஜூபிடர் டிரான்சிட்" என்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய மொழிபெயர்ப்பு இயந்திரம், எங்கே டிரான்சிட் என்று வந்தாலும் பெயர்ச்சியை எடுத்து ஒட்டிவிடுகிறது. அதை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். அந்த மனிதர்தான் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை.

பெயர்தல் என்றால் ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போதல். பள்ளி இயற்பியலில் இடப்பெயர்ச்சி என்று படிக்கிறோமே, அதே பொருள். வியாழன் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒரு ராசி, சனி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒரு ராசி என்று வீடு மாறுவதைப் பெயர்ச்சி என்பது மிகச் சரி. வெள்ளி திசை மாறித் தெற்கே போனாலும் காவிரி பொய்க்காது என்று பட்டினப்பாலை தொடங்குகிறதே, அதுவும் இந்த வகை நகர்வுதான். பூமியிலிருந்து பார்க்கும் நமக்கு, விண்மீன்களின் பின்னணியில் ஒரு கோள் இடம் மாறித் தெரிவது.

டிரான்சிட் வேறு. லத்தீனில் "டிரான்ஸ்" குறுக்கே, "ஈரே" போதல். வானியலில், ஒரு சிறிய வட்டு ஒரு பெரிய வட்டின் முகத்துக்குக் குறுக்கே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போவது. கடந்து போகிறது, ஆகவே கடப்பு. சொல் பிறப்பு அவ்வளவுதான், இதற்கு மேல் நீட்ட ஒன்றுமில்லை.

நீட்ட வேண்டியது, டிரான்சிட்டுக்குச் சிலர் எழுதும் "கோள் மறைப்பு" என்ற சொல்லைப் பற்றி. பெயர்ச்சி வெறும் அசட்டுத்தனம், சொன்னால் திருத்திக்கொள்வார்கள். மறைப்பு அப்படியில்லை, படித்தவர்கள் யோசித்து எழுதுவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். இதழின் பெயர் வேண்டாம். நான் எழுதிய "கடப்பு" அத்தனையும் அச்சில் "மறைப்பு" ஆகியிருந்தது. கேட்டேன். "சார், கோள் விண்மீனின் ஒளியை மறைக்கிறது, அதைத்தானே தொலைநோக்கி அளக்கிறது?" என்றார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012 ஜூன் 6 காலை நினைவுக்கு வருகிறது. மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கி வைத்து, சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, பிள்ளைகளுக்கு வெள்ளியின் கடப்பைக் காட்டினேன். வெள்ளியின் குறுக்களவு அன்று சூரிய வட்டில் ஏறத்தாழ 33-இல் ஒரு பங்கு. அட்டையில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு ஊர்ந்து போனது. ஜூன் மாத வெயிலோ கொஞ்சமும் குறையவில்லை. "எங்க சார் மறையுது?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பையனை அந்த இதழின் ஆசிரியர் குழுவில் சேர்த்திருக்கலாம்.

(வெள்ளிக் கடப்புக்கும் இந்தக் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1761 கடப்பைப் புதுச்சேரியில் பார்க்கக் கிளம்பினார் லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பல் திரும்பியது. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. சரி, எட்டு ஆண்டு காத்திருப்போம் என்று இந்தப் பக்கமே தங்கினார். 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயார், அன்று காலை மேகம். அவருக்கு உண்மையிலேயே அது மறைப்பு.)

இப்போது ஆய்வாளர்கள் பக்கம் வருவோம். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் விண்வெளித் தொலைநோக்கிகள் தொலைதூர விண்மீனை வட்டாகக் காண்பதில்லை, ஒளிப்புள்ளியாகத்தான் காண்கின்றன. அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை விடாமல் அளக்கின்றன. வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் ஒளி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒளி குறைந்தது என்பதுதான் தரவு. ஏன் குறைந்தது என்பது கேள்வி. விண்மீனின் மேற்பரப்பிலுள்ள கரும்புள்ளிகளாலும் குறையும். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மாறி மாறி மறைத்தாலும் குறையும். கெப்ளர் தரவில் கோள் என்று நம்பிப் பிறகு கைவிட்டவற்றில் பல, இப்படி ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள்தான்.

ஆகவே ஆய்வாளரின் அன்றாட வேலையே "இது கடப்பா, மறைப்பா?" என்று பிரிப்பது. இரண்டுக்கும் மறைப்பு என்று வைத்துவிட்டால் அவர் என்ன கேட்பார்? "இது மறைப்பா, மறைப்பா?"

இன்னொரு சிக்கலும் உண்டு. கோள் விண்மீனுக்கு முன்னால் வருவதோடு கதை முடிவதில்லை, அரைச் சுற்றுக்குப் பிறகு பின்னாலும் போகிறது. அப்போது கோளின் ஒளி நமக்கு வராது. போவதற்கு முன் இருந்த மொத்த ஒளியிலிருந்து இதைக் கழித்தால் கோளின் பங்கு கிடைக்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இப்படித்தான் டிராப்பிஸ்ட்-1 பி என்ற கோளின் பகல் பக்கம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் என்று அளந்தது. 2023-இல் வந்த முடிவு. இதுதான் அசல் மறைப்பு: கோள் முழுசாக மறைகிறது. முன்னால் வருவதற்கே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டவர், பின்னால் போவதற்குச் சொல்லைத் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதுதான்.

மற்ற போட்டியாளர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். "குறுக்கீடு" கூடாது, இயற்பியலில் அலைகளின் குறுக்கீட்டு விளைவுக்குப் போய்விட்ட சொல். "இடைநகர்வு" தப்பில்லை. எதற்கும் எதற்கும் இடையே என்று யோசிக்க வைக்கிறது, ஆனாலும் குழப்பாது. எழுதுகிறவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். "டிரான்சிட்" என்றே எழுதுகிறவரைத் தூயதமிழ் நண்பர்கள் திட்டுவார்கள். எனக்கு அவர், பெயர்ச்சி என்று எழுதுகிறவரைவிட யோக்கியர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்.

"கோள் கடத்தல்" என்று ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். இலக்கணப்படி கடப்பதும் கடத்தல்தான். ஆனால் கொள்ளிடத்து மணல் கடத்தலும் கோயில் சிலைக் கடத்தலும் நாளிதழில் படித்துப் படித்துச் சலித்த ஊர் இது. கோளையும் யாரோ லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கடப்பு என்று நிறுத்தினால் அந்த வம்பு இல்லை. கடப்பு நேரம், கடப்பு ஆழம் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பது), கடப்பு முறை என்று அடுத்தடுத்துச் சேர்த்துக்கொள்ளவும் வளைந்து கொடுக்கிறது. "பெயர்ச்சி ஆழம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், என் பழைய மாணவி ஒருத்தி. மன்னார்குடிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். கோள் தேடும் நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், மடிக்கணினியில் இறக்கி, ஒளி மாற்றத்தை வரைந்து, தமிழில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தாள். வேலை சுத்தம். தமிழ்தான் இயந்திரம் போட்டது. நேரத்துக்கு நேரம் ஒளி மாறுவதைக் காட்டும் "லைட் கர்வ்", அதாவது ஒளிவளைவு, "லேசான வளைவு" ஆகியிருந்தது. கோளை வைத்திருக்கும் விண்மீன், ஆங்கிலத்தில் "ஹோஸ்ட் ஸ்டார்", "தொகுப்பாளர் நட்சத்திரம்" ஆகியிருந்தது, ஏதோ பட்டிமன்றம் நடத்துவது போல. பெயர்ச்சி 14 இடத்தில்.

உட்கார்ந்து திருத்தினேன். 13 இடத்தில் கடப்பு என்று மாற்றினேன். ஒன்றை மட்டும் தொடவில்லை. டெஸ் வானத்தின் ஒரு பகுதியை ஏறத்தாழ 27 நாள் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் பெயர்கிறது என்று எழுதியிருந்தாள்.