நோட்ஸ் ஆப்புக்கு கலர் அப்புறம், முதலில் எக்ஸ்போர்ட்

ஆண்ட்ராய்டுக்குக் குறிப்பெழுதும் ஆப் ஒன்றைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். ரொம்ப எளிமையான ஆப். எழுதலாம், தேடலாம், அழிக்கலாம், அவ்வளவுதான். டார்க் மோடு வேண்டும், குறிப்புக்குக் குறிப்பு கலர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டார்.

கடையின் பாக்கிக் கணக்கு முழுவதும் ஆப்பில்தான் வைத்திருந்தாராம். போன் மெதுவாகிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டிருக்கிறார், திறந்தால் காலி. "தம்பி, உங்க சர்வர்ல இருக்கும்ல, எடுத்துக் குடுங்க" என்றார். எனக்கு சர்வரே கிடையாது. ஆப் தன் சொந்த இடத்தில் வைத்திருப்பதை அன்இன்ஸ்டால் செய்யும்போது ஆண்ட்ராய்டு சேர்த்தே துடைத்துவிடும். 6.0 பதிப்பிலிருந்து தானியங்கி பேக்கப் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரை. ஆனால் பேக்கப் ஆன் ஆகியிருக்க வேண்டும், போன் சும்மா கிடக்க வேண்டும், பொதுவாக வைஃபையும் வேண்டும். அண்ணாச்சி கடையிலும் வீட்டிலும் மொபைல் டேட்டா மட்டும்தான்.

அன்றைக்கு எக்ஸ்போர்ட் பட்டன் வேலையில் உட்கார்ந்தேன், அதாவது குறிப்புகளை ஆப்புக்கு வெளியே ஒரு ஃபைலாக எடுத்துத் தரும் பட்டன். அதிலும் முதலில் சொதப்பினேன். குறிப்புகள் இருக்கும் எஸ்க்யூலைட் ஃபைலை (ஆப் தன் தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ்) அப்படியே காப்பி எடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். புதிதாக எழுதுபவை கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இன்னொரு ஃபைலில் காத்திருக்கும், பிறகுதான் பெரிய ஃபைலில் சேரும் என்பது தெரிந்தும் மறந்து போனது. விளைவு, பேக்கப்பில் பழைய குறிப்பெல்லாம் பத்திரம், நேற்று எழுதியது மட்டும் இல்லை. இப்போது வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகத்தான் வெளியே தருகிறேன். நாளைக்கு என் ஆப்பே இல்லாமல் போனாலும் எந்தப் போனிலும் திறக்கும்.

அடுத்தது தேடல். 'கொத்தனார்' என்று தேடினால் வரவில்லை, குறிப்பு கண்முன்னால் இருக்கிறது என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். 'கொ'வில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய வரியில் இரண்டாவது வகை இருந்திருக்கிறது. குறிப்பையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது, பத்து வரி வேலைகூட இல்லை. 'ஸ்ரீ' மட்டும் அதற்கும் அடங்கவில்லை. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. தமிழில் தேடிப் பார்க்காமலே தமிழ் வசதி உண்டு என்று போட்டுக்கொள்ளும் ஆப்கள் நிறைய (என்னுடையதும் அப்படித்தான் இருந்தது).

ஏடிஎம் பின், பேங்க் பாஸ்வேர்டு இதையெல்லாம் நோட்ஸில் எழுதாதீர்கள். பல ஆப்களில் இருக்கும் பூட்டு வெறும் கதவுதான், உள்ளே எழுத்து அப்படியே படிக்கும்படி கிடக்கும். எக்ஸ்போர்ட் செய்தால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும். பாஸ்வேர்டுக்கென்றே தனி ஆப்கள் இருக்கின்றன.

சரி, நீங்கள் எந்த ஆப் வைத்திருந்தாலும் இன்றைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். 'கொ', 'போ' வரும் சொல்லோடு ஒரு குறிப்பு எழுதி, சேமிக்கும் பட்டனைத் தொடாமல் ஆப்பை மூடிவிட்டுத் திறந்து, அந்தச் சொல்லைத் தேடுங்கள். ஒரு குறிப்பை அழித்துவிட்டுத் திரும்ப எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கூகுளின் நோட்ஸ் ஆப்பான கீப்பில் குப்பைத்தொட்டியில் 7 நாள்தான் இருக்கும், நான் 30 நாள் வைத்திருக்கிறேன். அப்புறம் எக்ஸ்போர்ட். அந்தப் பட்டனே இல்லை என்றால், முக்கியமான குறிப்புகளை மட்டுமாவது காப்பி செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். அழகான வழி இல்லைதான், ஆனால் அண்ணாச்சி அதைச் செய்திருந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.