ஆரி வேலைக்கும் உண்டு அரசு மானியம்

சட்டகத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பூவேலை செய்யும் ஆரித் தையலில் ரவிக்கைக் கையில் மயிலும் முதுகில் தாமரையும் போடும் பெண்களைக் காரைக்குடிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். ஊருணி அல்லியையும் செம்மண் மேட்டு ஆவாரம்பூவையும் பார்த்து நூலுக்கு நிறம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். "தொழிலுக்கு அரசு மானியம் வாங்கலாமே" என்றால், "அதெல்லாம் தறி வைத்திருக்கிறவங்களுக்குத்தானே" என்று பதில் வரும். அப்படி இல்லை.

தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் சேர்க்கப்பட்டன. துணி நெய்தல் மட்டுமல்ல, துணிகளில் செய்யும் கலை வேலைப்பாடும் அதில் உண்டு. பூத்தையல், ஆரி, பாசி வேலை செய்பவர்கள் கேட்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான். அப்பா, தாத்தா செய்த தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவரும் விண்ணப்பிக்கலாம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

பணம் எப்படி வருகிறது? வங்கி மூலம் 3 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாக் கடன். அதில் 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். வட்டியிலும் 5 சதவீதம் வரை அரசு ஏற்கும். பயிற்சியும் தருகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒரு லட்சம் வாங்கினால் மானியம் 25,000. இரண்டு லட்சம் வாங்கினால் 50,000, அத்தோடு உச்சவரம்பு வந்துவிடுகிறது. மூன்று லட்சம் வாங்கினாலும் அதே 50,000தான். கடைசி ஒரு லட்சத்துக்கு மானியமே இல்லை. அதனால் ஆரிச் சட்டகம், நல்ல விளக்கு, தையல் மெஷின், ஆறு மாதத்துக்கான நூல், பாசி, ஜரிகை என்று முதலில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து செய்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். முழுத் தொகையும் கிடைக்கிறதே என்று வாங்கி வைத்தால் தவணை கட்டும்போதுதான் வலிக்கும்.

திட்டத்தை நடத்துவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை. அந்தத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணினி பழக்கமில்லை என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை மையம். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர் என்றால் புதுக்கோட்டை மையம். போகும்போது ஆதார், வங்கிப் பாஸ்புக், வாங்கப்போகும் பொருள்களின் கொட்டேஷன், நீங்கள் செய்த வேலைகளின் படங்கள் கையில் இருக்கட்டும்.

சரி, 35 வயது ஆகாதவர்? மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு என்ற பிரிவு 50,000 ரூபாய் வரை, பிணை இல்லாமல். மானியம் கிடையாது, ஆனாலும் தொடங்க அது போதும்.

அப்புறம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைத் துறை தரும் பெஹ்சான் அடையாள அட்டை. பூத்தையல் கலைஞர்களுக்கும் இது உண்டு. கைவினைக் கண்காட்சிகளில் கடை போடவும் துறையின் மற்றத் திட்டங்களில் சேரவும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். கடன் தேவையில்லை என்பவரும் வாங்கி வைக்கலாம்.

விற்கும்போது பெயரில் கவனம் வேண்டும். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் இங்கே கைத்தறியில் நெய்யும் சேலைக்கு உரியது. விசைத்தறிக் கட்டம் போட்ட துணியில் நீங்கள் எவ்வளவு அழகாக மாங்காய் தைத்தாலும் அதைக் கண்டாங்கி என்று விற்கக் கூடாது. நெசவாளரிடமே சேலை வாங்கி அதில் வேலைப்பாடு செய்தால், நெசவு கண்டாங்கி, பூவேலை உங்களுடையது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி விற்கலாம்.