காற்று மெத்தை நோயாளியைப் புரட்டிப் போடாது

"காற்று மெத்தைதான் போட்டிருக்கிறோமே டாக்டர், பிறகு எப்படிப் படுக்கைப் புண் வந்தது?" இந்த மாதமும் அதே கேள்வி. பக்கவாதத்தில் விழுந்த முதியவர்; இடுப்புக்குக் கீழே, வால் எலும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துவிட்டது. மெத்தை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன்மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் நான்காக மடித்த போர்வை, அதற்கும் மேல் படுக்கை விரிப்பு. அவரைப் புரட்டியதாகக் குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை.

மெத்தையின் அறைகள் மாறி மாறி உப்பும், வற்றும். அழுத்தம் இடம் மாறும், குறையும், இல்லாமல் போகாது. இத்தனை துணிகளை அடுக்கினால் அந்தப் பயனும் போய்விடும். காற்று குறைந்திருந்தாலோ உடல் நேராகக் கட்டிலில்தான் கிடக்கும். மெத்தைக்கு அடியில், நோயாளியின் இடுப்புக்கு நேராகக் கையை நுழைத்துப் பாருங்கள்: கைக்கும் உடலுக்கும் நடுவே 2.5 சென்டிமீட்டராவது காற்று இருக்க வேண்டும். குதிகாலை எந்த மெத்தையும் முழுதாகக் காப்பாற்றாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி செய்யுங்கள்.

ஆகவே புரட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய வழக்கம். நல்ல ஃபோம் மெத்தையில் சிலருக்கு நான்கு மணி நேரம் தாங்கும். அதைத் தோலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், கடிகாரத்தை மட்டும் பார்த்து அல்ல. முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பில் புண் வரும். 30 டிகிரி சாய்வு போதும். இழுக்காதீர்கள், தூக்கி நகர்த்துங்கள். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மறந்துபோவதும் இதே தவறுதான்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுச் சூடு, இறுக்கம், வலி பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள்! அடியில் திசு ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. பவுடர் வேண்டாம், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம்.

சக ஊழியர்களுக்கு ஒன்று. படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பெண்ணாகக் கணிக்கும் படிவமான பிரேடன் அளவுகோலில் 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம். சேர்க்கும் அன்று அழகாக நிரப்புகிறோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, காய்ச்சலில் துவண்ட பிறகோ யார் மறுபடி நிரப்புகிறார்கள்? ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காது மடலின் பின்புறத்தையும் பாருங்கள்.

புண் வந்தபின் அதைக் காய வைப்பது சிகிச்சை அல்ல. சலைனில் கழுவி, செத்த திசுவை அகற்றி, மிதமான ஈரம் காக்கும் கட்டுப் போட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் செல்களையும் கொல்லும். குதிகாலில் காய்ந்து இறுகிய கருப்புப் பொருக்கு, சீழோ வீக்கமோ இல்லையென்றால், அப்படியே இருக்கட்டும், பிய்க்காதீர்கள். துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், கையெழுத்துப் போடும் முன் முதுகையும் இரு குதிகால்களையும் செவிலியரோடு சேர்ந்து பாருங்கள். சந்தேகமான இடம் எதுவானாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லி, புரட்டும் முறையை அங்கேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.