பிறந்தபோது எத்தனை கிலோ?

ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்களிடம், "அம்மா அப்பாவுக்குச் சீனி இருக்கா?" என்று தவறாமல் கேட்போம். "பிறந்தபோது எத்தனை கிலோ?" என்று கேட்பது குறைவு. வயதானவர்கள் சிரிப்பார்கள்: "லயத்துல பிறந்தேன் டாக்டர், யாரு நிறுத்தா?" இளையவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும்.

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இலங்கையில் இப்படிப் பிறக்கும் குழந்தைகள் தோட்டப் பகுதிகளில்தான் கூட. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1920களின் பிறப்புப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, அப்போது பிறந்த ஆண்களை அறுபது தாண்டியபின் சோதித்து, ஆய்வாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் பிறப்பு நிறைக்கும் நீரிழிவுக்குமான இந்தத் தொடர்பை 1991இல் காட்டினார்கள்.

வயிற்றில் சத்துப் போதாத சிசு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதில் சிக்கனம் பிடிக்கிறது. தசை குறைகிறது, இன்சுலின் சுரக்கும் கலங்களும் குறைகின்றன. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. இந்தியாவின் புனேயில் ஆய்வாளர் யாஜ்னிக்கின் குழுவினர் பார்த்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5. ஆனாலும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் பெரிய வித்தியாசமில்லை. அதனால்தான், ஒல்லியாக இருப்பவருக்குச் சீனி வராது என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

சின்னதாகப் பிறந்த பிள்ளையைக் கொழுக்க வைக்கப் பாட்டிமார் படும் அவசரம் இருக்கிறதே! குளுக்கோஸ் தண்ணீர், தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். அப்புறம் முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை. நிறை கூடத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வயதுக்குப் பிறகு மளமளவென்று ஏறினால் யோசிக்க வேண்டும். அதே பிள்ளை வளர்ந்து கொழும்பில் கடை வேலைக்குப் போய், கொத்துரொட்டியும் சோடாவுமாக வயிறு போட்டால், முப்பதிலேயே இரத்தச் சீனி பார்க்கச் சொல்வேன்.

நாலு கிலோ தாண்டிய குழந்தைகளையும் விட முடியாது. பெரும்பாலும் தாய்க்குக் கர்ப்பத்தில் சீனி இருந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

பிள்ளை சின்னதாகப் பிறந்ததற்காகத் தாயைக் குறை சொல்லாதீர்கள். கொழுந்து நிறையோடு மலை ஏறி இறங்குகிறவள் அவள். இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன் என்பாள். எதோடு என்று கேட்டால், "பிளேன்டீயோட". தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. தண்ணீரோடு விழுங்கிவிட்டு, தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ சத்துமாவும் வீடு போனதும் எல்லாருக்கும் பங்காகிவிடுகிறது. அது அவளுக்கு மட்டும்தான் என்று, கூட வரும் மாமியாரிடம் நானே சொல்லிவிடுவதுண்டு.